கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்

வீட்டில் எதிர்பாராமல் பிள்ளை பிறந்துவிட்டது என்று அழைப்பு வருகிறது, 108 ஊர்தி போய் நிற்கிறது. ஊழியர் வாசற்படியைத் தாண்டிய நொடியிலிருந்து அந்தத் தாயும் பிள்ளையும் அவருடைய பொறுப்பு. ஆஸ்பத்திரியில் இன்னொருவர் தன் பெயரையும் நேரத்தையும் எழுதி இருவரையும் ஏற்றுக்கொள்ளும் வரை அந்தப் பொறுப்பு இறங்காது. இந்த அடிப்படையைக்கூடத் தலையங்கம் எழுதிக் கேட்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

பல இடங்களில் ஊறிப்போயிருக்கும் எண்ணம் வேறு. "பிள்ளைதான் நல்லபடியாப் பிறந்துருச்சே, இனி என்ன அவசரம்?" வீட்டுப் பெரியவர்கள் இப்படிக் கேட்பதில் குற்றமில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சீருடை போட்டுக்கொண்டு, பயிற்சி முடித்து, அரசுப் பணத்தில் ஓடும் வண்டியில் வந்தவர் அதே வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் மன்னிக்க முடியாது. பேறுகாலத்தில் தாய்மார் உயிரிழப்பது பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகுதான். ஆபத்து முடிந்துவிட்டதென்று வீடு மூச்சு விடுகிற வேளையில்தான் அது தொடங்குகிறது. இதை அறிந்திருப்பதற்காகத்தான் அவரை அங்கே அனுப்புகிறோம்.

ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி என்பதில் ஐயமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன, இந்திய அளவு 88.6. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கில் லட்சம் பிறப்புகளுக்கு நாடு 97 தாய்மாரை இழந்தபோது தமிழ்நாடு 54 பேரை இழந்தது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வெயிலில் தெருத்தெருவாக நடந்து சம்பாதித்துக் கொடுத்த பெயர் இது. அந்தப் பெயரே இப்போது கண்ணை மறைக்கிறது. மிச்சம் விழும் 0.4 சதவீதத்தை நாம் கணக்கில் சிந்திய சில்லறையாகப் பார்க்கிறோம். ஆண்டுக்கு ஒன்பது லட்சம் பிறப்பு என்று கொண்டால் அந்தச் சில்லறை 3,600 தாய்மார், 3,600 பிள்ளைகள். வீட்டுப் பிரசவமே இல்லை என்று காட்டத் துடிக்கும் நிர்வாகத்துக்கு, நடந்துவிட்ட ஒரு வீட்டுப் பிரசவத்தை எப்படிக் கவனிப்பது என்ற சிந்தனை வருவதில்லை.

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், இரண்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. மதுரை–தென்காசிச் சாலையில் நின்று பார்த்தால் இங்கே யாருக்கு வீட்டில் பிரசவம் ஆகப்போகிறது என்றுதான் தோன்றும். மேற்கே திரும்பினால் தெரியும். செண்பகத்தோப்பு, அத்திகோவில் பக்கம் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள். மலையடிவாரம் நெடுக மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், அவற்றுக்குள் காவல் இருக்கும் குடும்பங்களும். இரவில் யானை இறங்கும் பாதையில் வலியெடுத்த பெண்ணை நடத்திக் கூட்டிவர முடியாது. கிழக்கே வந்தால் நூற்பாலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் குடியிருக்கும் தம்பதிகள். 108 என்ற எண் தெரிந்தாலும் எந்தத் தெரு, எந்த மில் பக்கம் என்று தமிழில் சொல்லத் தெரியாமல் தவிப்பவர்கள். இவர்களை விட்டுவிடுவோம். ஊர் நடுவே, ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் பெண்ணுக்கும் இரண்டாவது, மூன்றாவது பேற்றில் வலியெடுத்து மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை வந்துவிடுவது உண்டு. பொய்வலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்து, கூப்பிடப் போனவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் குற்றவாளியைப் போலத்தான் அந்தக் குடும்பம் நடத்தப்படுகிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு தம்பதி காணொளி பார்த்து வேண்டுமென்றே வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் இளம் தாய் உயிரிழந்தார். அரசு எச்சரித்தது, காவல்துறை வழக்குப் போட்டது. அது சரி. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பிள்ளை பெற்றவள் என்றாலே ஏதோ திட்டம் போட்டுச் சட்டத்தை ஏய்த்தவள் என்ற சந்தேகப் பார்வை ஒட்டிக்கொண்டது. வேண்டாமென்று மருத்துவத்தை ஒதுக்கியவரும், வண்டி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டவரும் ஒன்றல்ல. "ஏம்மா, வலி வந்ததுமே கூப்பிட வேண்டியதுதானே? இதுகூடவா தெரியாது?" என்று ரத்தம் வழியக் கிடக்கும் பெண்ணிடம் விசாரணை நடத்துவது இரக்கமின்மை மட்டுமல்ல, மருத்துவக் கேடும்கூட. ஏச்சுக்குப் பயந்த பெண் எத்தனை துணி நனைந்தது என்பதைக் குறைத்துச் சொல்வார், தலைசுற்றலைச் சொல்லமாட்டார். அடுத்த முறை கூப்பிடவே யோசிப்பார்.

அந்த அறையில் ஊழியர் செய்ய வேண்டியது என்ன? இதை மக்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை பிள்ளையைத் துடைப்பது. உலர்ந்த துணியால் தலை முதல் கால் வரை துடைத்து, நனைந்த துணியை அப்பால் போட்டுவிட்டு, தாயின் வெறும் மார்பில் தோலோடு தோல் படுமாறு கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள்ளேயே பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பிள்ளையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது. விருதுநகர்ச் சீமை வெயிலில் பிள்ளைக்குக் குளிராவது என்று கேட்பவர்கள் உண்டு. ஈரத்தோடு பிறந்த சிசு மின்விசிறிக் காற்றிலேயே நிமிடக் கணக்கில் சூட்டை இழக்கும். குளிர்சாதனம் ஓடும் வண்டிக்குள் தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகக் கொண்டுபோனால் இன்னும் வேகமாக இழக்கும். சூடு குறைந்த பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை குறையும், பால் குடிக்கத் தெம்பிருக்காது, மூச்சு திணறும். இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெப்பமானியும் இரண்டு மூன்று சுத்தமான துணியும் போதும். பக்கத்துச் சத்திரப்பட்டி இந்தியா முழுவதற்கும் மருத்துவமனைத் துணி நெய்து அனுப்பும் ஊர். அந்த ஊரைச் சுற்றி ஓடும் வண்டியில் துணி இல்லை என்று எவரும் சொல்ல வாய் வரக் கூடாது.

தொப்புள்கொடியை வெட்ட அவசரமில்லை. பிள்ளை அழுது மூச்சு சீராக இருந்தால் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டி வருவதற்குள் வீட்டில் இருந்த பிளேடாலோ அரிவாளாலோ யாராவது அறுத்திருந்தால் அதற்குத் திட்டக் கூடாது. சுத்தமான கிளிப்பை வயிற்றுப் பக்கமாகப் போட்டு, எதனால் அறுத்தார்கள் என்பதை எழுதி, ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். தொற்றுக்கும் ரணஜன்னிக்கும் எதிராக மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு வரி உதவும்.

பிறகு நச்சுக்கொடி. இங்கேதான் பதற்றத்தில் பெரிய தவறுகள் நடக்கின்றன. விழாத நச்சுக்கொடியை எடுக்கத் தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வரலாம். வழக்கமாக அரைமணி நேரத்துக்குள் அது தானே வந்துவிடும். வந்தபின் முழுதாக வந்ததா, துண்டு உள்ளே தங்கியதா என்று பார்க்க வேண்டும், கையோடு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக வேண்டும். நம் ஊர்களில் அதை வீட்டுப் பக்கம் புதைப்பது வழக்கம். வயதான அம்மாக்கள் தர மனம் வராமல் நிற்பார்கள். "ஆச்சி, டாக்டரம்மா ஒரு தடவை பாக்கணும், பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துருவோம், நீங்களே புதைங்க" என்று நின்று பேசி வாங்கத் தெரிந்தவர்தான் நல்ல ஊழியர். அந்த இரண்டு நிமிடப் பேச்சில் ஒரு தாயின் உயிர் தங்கியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே உதிரப்போக்கு. அரை லிட்டருக்கு மேல் போனால் அபாயம் என்பது நீண்டகாலக் கணக்கு. அந்த அரை லிட்டரை யார் அளக்கிறார்கள்? பழைய சேலை உறிஞ்சியது, பாய்க்கு அடியில் ஊறியது, மண்தரை குடித்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து மதிப்பிடுவது பெரும்பாலும் குறைவாகவே வரும் என்பதை மருத்துவ உலகம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. 2023ல் வெளியான இ–மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட விரிப்பைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைத் தடவிவிடுவது, மருந்து, நரம்பு வழித் திரவம் எல்லாவற்றையும் ஒன்றுசேரத் தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புதிதாக எந்த மருந்தையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சந்தேகத்துக்குக் காத்திராமல் அளந்து பார்த்ததும், தெரிந்த சிகிச்சைகளை ஒரே நேரத்தில் தொடங்கியதும்தான் அங்கே நடந்த மாற்றம்.

இளம் பெண்ணின் உடல் கடைசி வரை ரத்த அழுத்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு திடுமென விட்டுவிடும். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு முன் இருக்கையில் போய் உட்காரும் ஊழியர், ஏறிக்கொண்டே போன நாடித்துடிப்பைப் பார்க்கத் தவறியவர். கவனிக்கப்படாத உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோகலாம். உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்கப்பட வேண்டியது. சித்திரை வெயிலில் கொதிக்கும் வண்டியில் அதன் நிலை என்ன என்று யார் பார்க்கிறார்கள்? ஊசி இல்லாத இடத்தில் 600 மைக்ரோகிராம் மிசோபிரோஸ்டால் மாத்திரை கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குக் குளிர்பெட்டி வேண்டாம். வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கொடுக்க வேண்டும். அந்த முடிவைத் தனியாக எடுக்கத் தயங்கும் ஊழியர், சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தில் இதற்காகவே அமர்ந்திருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். தயங்குவதில் தப்பில்லை, கேட்காமல் கிளம்புவதுதான் தப்பு.

இனி, இந்தத் தலையங்கத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறோம். அழைத்தவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது அவசர ஊர்திச் சேவைகள் எங்கும் உள்ள வழக்கம். வயது வந்த பெண் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருடையது, அவரைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் அதிகாரமில்லை. நாம் கேட்பது வேறு. அந்தக் கையெழுத்து யாருடையது? களைத்துக் கிடக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலில் நிற்கும் கணவரோ மாமியாரோ போட்ட கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் அவருடைய முடிவாகுமா? என்ன ஆபத்து என்று புரியும் மொழியில் அவரிடம் சொன்னீர்களா? வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் மறுக்கிறாரா, திரும்பி வரப் பணமில்லை என்பதால் மறுக்கிறாரா, ஏச்சுக்குப் பயந்து மறுக்கிறாரா என்று கேட்டீர்களா? பணம்தான் காரணமென்றால் அதற்கு விடை அரசிடமே இருக்கிறது. 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சிகிச்சையும் உணவும் இலவசம், வீடு திரும்பவும் வண்டி இலவசம். இதைச் சொல்லாமல் வாங்கிய மறுப்பு, மறுப்பே இல்லை. அது ஊழியர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய சீட்டு.

மறுத்தவரை விட்டுவிட்டுத் திரும்பினாலும் கடமை தீராது. பிறந்த பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசி, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு எல்லாம் காத்திருக்கின்றன. தாயின் ரத்தம் ஆர்எச் நெகடிவ் வகையாக இருந்து பிள்ளையுடையது பாசிடிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கர்ப்பம் பாழாகலாம். அந்த வீட்டு முகவரி அதே மணி நேரத்தில் பகுதிச் செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி திரும்பியதோடு அந்த வீடு எல்லாருடைய கணக்கிலிருந்தும் விழுந்துவிடுமானால், அது கைவிடல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதிகாரிகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1996 மே மாதம் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் மருத்துவ உதவி தராதது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது. பணமில்லை என்பது பதிலாகாது என்றது. அதோடு நில்லாமல், ஊர்தியில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளரும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். ஊர்தி என்றால் வெறும் சக்கரம் இல்லை என்று அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2010 ஜூன் மாத டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த ஒரு தலித் பெண் அந்த ஆண்டு ஜனவரியில், பயிற்சி பெற்றவர் யாரும் அருகில் இல்லாமல் வீட்டில் குறைமாதப் பிள்ளையைப் பெற்றார். நச்சுக்கொடி உள்ளே தங்கிவிட்டது, ரத்தம் போய் இறந்தார். அதற்கு முந்தைய கர்ப்பத்தின்போதே மருத்துவமனைகளால் அலைக்கழிக்கப்பட்டவர் அவர். அவருடைய சாவு தவிர்த்திருக்கக் கூடியது என்று கண்ட நீதிபதி எஸ். முரளிதர், குடும்பத்துக்கு இழப்பீடு தர உத்தரவிட்டார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கிடைக்க வேண்டிய கவனிப்பு அரசின் கருணை இல்லை, அந்தப் பெண்ணின் உரிமை என்று நிலைநாட்டினார். இந்தத் தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டு கடந்துவிட்டது.

பிரிட்டனிலும் ஒரு பாடம் உண்டு. 1991 பிப்ரவரியில் லண்டனில் ஆஸ்துமா மூச்சுத்திணறலால் தவித்த ஒரு கர்ப்பிணிக்காக மருத்துவர் ஊர்தியை அழைத்தார். ஆறரை மைல் தூரத்துக்கு அது வர சுமார் நாற்பது நிமிடம் ஆனது. அந்தப் பெண்ணின் மூளை பாதிக்கப்பட்டது, கருவும் தங்கவில்லை. அழைப்பை ஏற்றுக்கொண்ட பிறகு நோயாளியிடம் ஊர்திச் சேவைக்குச் சட்டப்படியான கடமை உண்டு என்று 2000ல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அந்த வழக்கில் நம் அதிகாரிகள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: வந்துசேர்ந்த நேரத்தை ஊழியர் மாற்றி எழுதியிருந்தார். பதிவேடு யாரைக் காப்பாற்ற எழுதப்படுகிறது என்ற கேள்விக்கு எல்லா நாட்டிலும் ஒரே பதில்தான் வருகிறது, மேலே இருந்து யாரும் சரிபார்க்காத வரை.

நம் பக்கத்து நிலைமைக்கு ஊழியரை மட்டும் குற்றம் சொல்வது கோழைத்தனம். ஒரு 108 வண்டியில் மருத்துவ உதவியாளர் ஒருவர், பைலட் எனப்படும் ஓட்டுநர் ஒருவர். பிள்ளை பிறந்த கணத்தில் நோயாளிகள் இருவராகிவிடுகிறார்கள், கவனிக்கும் கைகள் இரண்டே. பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும், அதே நேரம் தாயின் கருப்பையைத் தடவிவிட வேண்டும் என்றால் அவர் யாரை விடுவது? பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறைக்கக் கோரி இந்த ஊழியர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள், அந்தக் கோரிக்கை நியாயமானது. வீட்டுக்குள் நடந்தேறிய பிரசவம் என்று அழைப்பில் தெரிந்தவுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரையோ இரண்டாவது வண்டியையோ அனுப்பாமல், தனி ஆளைத் தள்ளிவிட்டுப் பிறகு அவரிடம் விளக்கம் கேட்பவர்களே முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அவர்கள் யார் என்பதிலும் குழப்பம். கிராமச் செவிலியர் பொது சுகாதாரத் துறையின் கீழ், அதுவும் வருவாய் மாவட்டம் விருதுநகர் என்றால் சுகாதார மாவட்டம் சிவகாசி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகள் மருத்துவ நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். 108ஐ அரசுக்காக நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்ற நிறுவனம். ஆஸ்பத்திரிக்கு வெளியே பிறந்த ஒரு பிள்ளை இந்த நான்கு எல்லைகளையும் தாண்டிப் போகிறது, ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பொறுப்பு கைமாற வேண்டும். "இறக்கிவிட்டோம்" என்று வண்டியும், "தாமதமாக வந்தார்கள்" என்று ஆஸ்பத்திரியும், "எங்களுக்குத் தகவலே இல்லை" என்று செவிலியரும் சொன்னால் மூவருமே தங்கள் வரையில் உண்மை சொல்கிறார்கள். உயிர் போவது அந்த மூன்று உண்மைகளுக்கு நடுவே.

வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் நடந்ததை மறக்க வேண்டாம். பாம்பு கடித்து இறந்த சிறு குழந்தையின் உடலை ஏற்றிவந்த ஊர்தி, சாலை இல்லையென்று பாதிவழியில் இறக்கிவிட, தாய் உடலைச் சுமந்து மலையேறினார். நாடே பார்த்துத் தலைகுனிந்தது. இந்த மாவட்டத்திலேயே 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்த பிறகுதான் ரத்த வங்கிகளைச் சோதிக்க ஓடினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்பணமாக ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கையைக் கேட்கும் நிர்வாகம் நமக்கு வேண்டாம். செண்பகத்தோப்பிலிருந்தோ சேத்தூர்ப் பக்கமிருந்தோ ஒரு சாவு வந்து சேர்வதற்கு முன் திருத்துங்கள்.

திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கைமாற்றுச் சீட்டிலிருந்து. பிள்ளை பிறந்த நேரம், வண்டி சேர்ந்த நேரம், நச்சுக்கொடி விழுந்த நேரம், தாயின் நாடி, ரத்தத்தின் அளவு, கொடுத்த மருந்து, பிள்ளையின் வெப்பம், பால் குடித்ததா என்பது, எல்லாம் ஒரே தாளில். கொடுத்தவர் பெயரும் ஏற்றவர் பெயரும் அதில் இருக்க வேண்டும், ஒரு நகல் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். வெப்பம் என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சீட்டை ஆஸ்பத்திரி ஏற்கக் கூடாது. 'தாயும் சேயும் நலம்' என்ற வாசகத்தைச் செய்திக்குறிப்பிலிருந்து எடுத்துவிட்டு இந்தச் சீட்டை நிரப்பட்டும். ஊர்திக்குள் பிரசவம் பார்த்த ஊழியரைப் பாராட்டிப் படம் போடும் செய்தித்தாள்களும், அந்தத் தாய் அடுத்த நாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதட்டும்.

மறுப்புப் படிவத்தில் அந்தப் பெண்ணைத் தவிர வேறு யார் கையெழுத்தும் செல்லாது என்று உத்தரவு வேண்டும். அவர் சுயநினைவோடு, கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் தொலைபேசியில் நேரடியாகப் பேசிய பிறகே அதுவும் செல்ல வேண்டும். இந்தி, ஒடியா தெரிந்த ஒருவரைக் கட்டுப்பாட்டு மையத்தில் அமர்த்துவது இவ்வளவு பெரிய அரசுக்குக் கடினமில்லை. நச்சுக்கொடி விழுந்ததா, ரத்தம் அடங்கியதா என்று பார்க்காமல் வண்டி நகரக் கூடாது. வெப்பமானி, கிளிப், பை–முகமூடி, மருந்து ஆகியவற்றை வாரம் ஒருமுறை சோதித்துத் தேதியோடு எழுத வேண்டும். வீட்டில் பிள்ளை பெற்ற காரணத்துக்காகப் பிறப்புச் சான்றிதழிலோ முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியிலோ எவரையும் அலையவிடக் கூடாது. சான்றிதழுக்குப் பயந்து பிறந்த இடத்தையே மாற்றி எழுதச் சொல்லும் நிலை வந்தால், நம் 99.6 என்ற எண்ணையும் நம்ப முடியாது.

பணியாளர் தகுதிக்கும் ஒழுங்குக்கும் சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. துணைமருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2021ல் நிறைவேற்றியது. நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்து இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. அவசர மருத்துவ உதவியாளர் என்ற பெயருக்குப் பதிவும் தொடர்பயிற்சியும் தவறினால் கேட்க ஓர் அமைப்பும் இருந்தால்தான் நல்ல ஊழியருக்கு மதிப்பு, அலட்சியக்காரருக்கு அச்சம்.

தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் தணிக்கை நடக்கிறது. எப்படி இறந்தார், எங்கே தாமதம் என்று வீடு வரை போய் விசாரிக்கிறார்கள். நாடே பின்பற்றிய நல்ல ஏற்பாடு அது. அதே தணிக்கை, எதிர்பாராமல் வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிறப்புக்கும், தாய் பிழைத்திருந்தாலும் நடக்க வேண்டும். விருதுநகர் மாவட்ட ஆட்சியர் மாதம் ஒருமுறை 108 நிறுவனத்தின் பொறுப்பாளரையும், மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரையும், சிவகாசி மாவட்ட சுகாதார அலுவலரையும், மருத்துவக் கல்லூரி மகப்பேறு துறைத் தலைவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து அந்தச் சீட்டுகளைப் பிரிக்கட்டும். வெப்பம் எழுதப்படாத சீட்டு எத்தனை, மருத்துவரை அழைக்காமல் வாங்கிய மறுப்பு எத்தனை, செவிலியருக்குத் தகவல் போகாத வீடு எத்தனை என்பதைத் தாய்மாரின் பெயர் இல்லாமல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். முதல் கூட்டம் எந்தத் தேதியில் என்பதை ஆட்சியர் அலுவலகம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.